தோலில் மணம், சாற்றில் புளிப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மூடியிலிருந்து கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, மிதமான தீயில் வேகவைப்பதுதான் எங்கள் கேக். தள்ளுவண்டிகளில் கமலா ஆரஞ்சு குவியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பழங்களைப் பிழிந்து நான் செய்த முதல் கேக்கை வாயில் போட்ட ஆயா, "இத்தனை பழம் பிழிஞ்சியே, வாசனை எங்கடி போச்சு?" என்று கேட்டார். வாசனை குப்பைக் கூடையில் இருந்தது. தோலை அதில்தான் போட்டிருந்தேன்.

பழச்சாற்றில் பெரும்பகுதி நீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் ஆகியவையே. ஆரஞ்சு என்று நம் மூக்கு அடையாளம் காணும் மணமோ, தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் அடைபட்டிருக்கிறது. சிறுவயதில் தோலை மடித்து அடுத்தவர் கண்ணில் பீச்சியடித்து அடி வாங்கிய எல்லோரும் அந்த எண்ணெயைச் சந்தித்தவர்கள்தான். அதில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே சேர்மம். எலுமிச்சைத் தோலிலும் அதுவே முதன்மையானது என்றாலும், எலுமிச்சைக்கே உரிய மணத்தைத் தருவது சிறிதளவே உள்ள சிட்ரால்.

லிமோனீன் நீரில் கரையாது, கொழுப்பில் எளிதாகக் கரையும். ஆகவே பழத்தை உரிப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவி, நிறமுள்ள மேல்தோலை மட்டும் துருவி, அந்தத் துருவலைச் சர்க்கரையோடு விரல்களால் கசக்க வேண்டும். சர்க்கரைப் படிகங்களின் கூரிய விளிம்புகள் எண்ணெய்ப் பைகளைக் கிழிக்க, வெளிவரும் எண்ணெய் படிகங்களின் மேல் படிகிறது. பிறகு வெண்ணெய் சேரும்போது அதில் கரைந்து தங்கிவிடுகிறது. துருவல் வெள்ளைப் பஞ்சுவரை இறங்கினால் கசப்பும் கூடவே வரும்.

சாற்றுக்கு உரிய வேலை வேறு. 1784-ஆம் ஆண்டில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சிட்ரிக் அமிலம், ஆப்ப சோடாவோடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிட்டு மாவை உப்பச் செய்கிறது. அரை டீஸ்பூன் சோடா, அதாவது ஏறத்தாழ 2.5 கிராம், முழுவதும் வினைபுரிந்தால் அறை வெப்பத்தில் சுமார் 700 மில்லி வாயு கிடைக்கும். அதற்கு ஏறக்குறைய 1.9 கிராம் சிட்ரிக் அமிலம் தேவை. எலுமிச்சைச் சாற்றில் அமிலம் 5 அல்லது 6 சதவீதம் இருப்பதால் 35 மில்லி அளவே போதும். கமலாச் சாற்றிலோ அது 1 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், அதே வேலைக்கு ஒரு பெரிய டம்ளர் சாறு வேண்டும். அவ்வளவையும் ஊற்றினால் மாவு கஞ்சியாகிவிடும். பாதிச் சாற்றோடு நிறுத்தினால், வினைபுரியாமல் எஞ்சும் சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, சோப்பு போன்ற சுவையை விட்டுச் செல்லும். பலர் பழத்தின் மீது போடும் பழி உண்மையில் இந்தக் கணக்கின் பிழைதான். கமலாச் சாற்றோடு ஓர் எலுமிச்சையைப் பிழிந்து, சோடாவையும் குறைத்துக்கொள்வதே என் வழக்கம். வினை உடனே தொடங்கிவிடும் என்பதால், கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

குக்கர் கேக்கின் மேற்புறம் வெளிறிப்போவதற்கும் காரணம் உண்டு. பொன்னிறத்தைத் தரும் மெய்லார்டு வினை 140 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் வேகம் பிடிக்கும். நீராவி தேங்கும் குக்கருக்குள் கேக்கின் மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டுவது அரிது. புளிப்பு மிகுந்தாலும் அந்த வினை மந்தமாகும். வேகும்போது தெருக்கோடிவரை மணந்தால் நாம் மகிழ்கிறோம். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி என்றாலும், கிளம்பும் நீராவி அதையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. தெரு முகர்ந்ததெல்லாம் கேக் இழந்ததுதான்.

நன்றாக ஆறிய பிறகே துண்டு போட்டு, காசிமேட்டிலுள்ள அத்தை வீட்டுக்கு மூடியிட்ட எவர்சில்வர் டப்பாவில் அனுப்புகிறோம். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது, ஏனெனில் வெந்த மாவிலுள்ள ஸ்டார்ச் மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக வரிசைப்பட்டு இறுகுவது குளிரில்தான் விரைவாக நடக்கிறது. இரண்டாம் நாள் இறுகிப்போன துண்டை இட்லிப் பானையில் ஓரிரு நிமிடம் ஆவி காட்டினால் ஸ்டார்ச் நெகிழ்ந்து, பல் இல்லாத ஆயாவும் மெல்லும் மென்மை திரும்பிவிடும். எஞ்சிய லிமோனீனில் கொஞ்சம் அந்த ஆவியோடு போகும்.