ஒரு ஆளுக்கு எதுக்குக் குழம்பு?

வளையல் கழன்று கழன்று விழுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் அந்த அம்மா. வயது 72. ஏழு மாதத்தில் 56 கிலோவிலிருந்து 51க்கு இறங்கியிருந்தார். தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் கோளாறில்லை. உணவு ஆலோசனைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாந்தான் சாப்பிடறேம்மா" என்றார். சரி என்று ஒரு புரதப் பவுடரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் இன்னும் அரைக் கிலோ குறைந்து வந்தார். டப்பாவைப் பிரிக்கவே இல்லையாம். (வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் அந்த டப்பா ஒரு வசதி. ஏதோ செய்துவிட்ட திருப்தி கிடைத்துவிடுகிறது.)

அப்புறம்தான் முந்தைய நாளை வேளை வேளையாகக் கேட்டேன். கணவர் இறந்து ஒரு வருடம். காலையில் வடித்த சோறுதான் மூன்று வேளைக்கும். மதியம் மோர், ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறுகாய். "ஒரு ஆளுக்கு எதுக்கும்மா குழம்பு?"

அன்றிலிருந்து, வயதானவர்கள் யார் வந்தாலும் 'யாரோடு சாப்பிட்டீர்கள்' என்றும் கேட்கிறேன். வயதாக ஆக நாக்கின் ருசியும் மூக்கின் மணமும் மங்கும், தாகமும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில் தட்டின் முன் உட்கார வைப்பது பசியைவிட, 'சாப்பிட வாங்க' என்கிற குரல்தான். நாலு பேரோடு பேசிக்கொண்டே சாப்பிடும்போது இன்னொரு கரண்டி தன்னால் உள்ளே போகும்.

கணக்கும் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது முதியோர் நல நிபுணர்கள் பலரின் கருத்து. இந்த அம்மாவுக்கு 50 கிராமாவது வேண்டும். சோறும் மோருமாக அதில் பாதிகூடத் தேறாது. அப்படிக் குறைகிற எடையில் தொடைத் தசையும் சேர்ந்தே கரைகிறது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும், கோயிலுக்குப் போவது நிற்கும். வெளியே போகாதவருக்கு ஆளும் குறையும், பசியும் குறையும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆண்களின் கதை வேறு. பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை என்று, அவர் டீக்கடைக்குப் போவதையே மகன் நிறுத்திவிட்டார். அதோடு போக வர ஒரு கிலோமீட்டர் நடை போனது, பேப்பர் படித்துச் சண்டை போடும் நண்பர்களும் போனார்கள். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள், கடைக்குப் போவதைத் தடுக்காதீர்கள் என்று மகனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வீடு நிறைய ஆள் இருந்தும் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. எல்லோரும் வேலைக்குப் போன பின், ஹாட்பாக்ஸில் இருப்பதைத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பாதி சாப்பிட்டு மூடிவைப்பார்கள். பல்செட் கழன்றுவிடுமோ என்று கூச்சப்பட்டே பந்தியைத் தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள், பல் மருத்துவரிடம் ஒரு முறை போனால் தீரும் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை தனிமையுணர்வை ஆண்டுக்குச் சுமார் 8.7 லட்சம் மரணங்களோடு தொடர்புபடுத்துகிறது. தனி வீட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணி வந்த கணக்கல்ல அது.

அந்த அம்மாவுக்கு எதிர்வீட்டிலும் தனியாக ஒருவர் இருந்தார். ஒருவர் குழம்பு, ஒருவர் பொரியல், மதியம் ஒரே இடத்தில் சாப்பாடு என்று பேசி முடிவானது. முட்டை சாப்பிடமாட்டார் என்பதால் சாயங்காலம் சுண்டல், ராத்திரி பருப்பும் தயிரும் சேர்த்தோம். நான்கு மாதத்தில் 53 கிலோ. போன முறை வந்தபோது வளையல் பேச்சே இல்லை. எதிர்வீட்டுக்காரம்மா சாம்பாரில் பெருங்காயத்தை அள்ளிக் கொட்டுகிறாராம், அதைப் பற்றித்தான் கால் மணி நேரம் புகார்.