டைனமிக் ஸ்டைல்ஷீட்: தமிழில் ‘வனைதாள்’

வலைப்பக்கத்தின் நிறம், எழுத்து போன்ற தோற்றத்தைச் சொல்லும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர், அதை எழுதும் மொழி சிஎஸ்எஸ். அலுவலகத்தில் யாரும் ஸ்டைல்ஷீட் என்று முழுதாகச் சொல்வதில்லை. “சிஎஸ்எஸ் உடைஞ்சிருச்சு” என்போம், அவ்வளவுதான். ஆனால் ‘ஸ்டைல்’ என்ற சொல்லுக்குள் ஓர் எழுத்தாணி இருக்கிறது. மெழுகு பூசிய பலகையில் ரோமானியர் கீறி எழுதிய கூரிய கோலுக்கு லத்தீனில் ‘ஸ்டிலுஸ்’ என்று பெயர். கருவியின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, அப்புறம் உடை, முடி எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஷீட், தாள்தான். இணையதளமா, இணையத்தளமா என்று பதிப்பகங்களில் சண்டை வராமலிருக்க எழுதிவைக்கும் தாளும் ஸ்டைல்ஷீட்தான். அதை நடைத்தாள் எனலாம். வலைப்பக்கத்தில் இருப்பது எழுத்து நடை அல்ல, தோற்றம். ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்து, பெர்ட் போஸும் கைகோத்து உருவாக்கிய சிஎஸ்எஸ், 1996 டிசம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. அதற்குத் ‘தோற்றத்தாள்’ போதும்.

சிக்கல் ‘டைனமிக்’கில். உடனே ‘இயங்குநிலை’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே எதுவும் இயங்குவதில்லையே! தி. நகர், புரசைவாக்கம், தாம்பரம் என்று மூன்று கடை வைத்திருந்த ஒருவருக்கு மூன்று தளங்கள் செய்தோம். அமைப்பு ஒன்றே, நிறம் மட்டும் வேறு. மூன்று சிஎஸ்எஸ் கோப்புகளைத் தனித்தனியே திருத்துவதற்குப் பதில் ஒரு பிஹெச்பி கோப்பு, அதாவது சர்வரில் இருக்கும் ஒரு நிரல். எந்தத் தள முகவரியிலிருந்து கேட்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கடையின் நிறத்தைப் போட்டு, தாளை அப்போதே எழுதிக் கொடுக்கும். அடுக்கி வைத்த இட்லி இல்லை, கேட்டதும் வார்க்கும் தோசை.

முதல் நாள் மூன்று தளமும் வெள்ளைவெளேர் என்று நின்றன. தாள் சரியாகத்தான் இருந்தது. பிஹெச்பி தானாக விட்டால் எதையும் ‘டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்’, அதாவது வலைப்பக்கம், என்றுதான் அறிவிக்கும். ‘டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்’ என்று, கோப்புக்கு முன்னால் போகும் குறிப்பான ஹெடரில் ஒரு வரி நாம் சொல்ல வேண்டும். சொல்லாததால் பிரவுசர் அதைத் தொடவில்லை. அதைச் சரிசெய்தால், புரசைவாக்கம் தளத்தில் தி. நகரின் சிவப்பு! முன்பு கொடுத்ததை எடுத்துவைத்திருக்கும் சர்வர் கேஷ், தளத்தின் பெயரைப் பார்க்காமல், கோப்பின் பெயரை மட்டும் வைத்து, ஆறிய தோசையை எடுத்துப் பரிமாறியிருக்கிறது. கேஷ் அடையாளம் பார்க்கும் சாவியில் தளப் பெயரையும் சேர்த்த பிறகுதான் அடங்கியது. ஆடித் தள்ளுபடி நேரம் வேறு. வாங்கிய திட்டு தனிக்கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தேர்வு ‘வனைதாள்’. குயவர் பானையை வனைகிறார். வனைதல் என்றால் உருவாக்குவது. அதே சொல்லுக்கு அலங்கரிப்பது என்ற பொருளும் உண்டு. தாளை ஆக்குவதும் பக்கத்தை ஒப்பனை செய்வதும் ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன. இன்னொரு வசதி, இது வினைத்தொகை: வனைந்த தாள், வனைகின்ற தாள், வனையும் தாள் என முக்காலமும் அடங்கும். ஆகவே ‘வனைத்தாள்’ என்று ஒற்று போட்டுவிடாதீர்கள், காலம் போய்விடும்.

இப்போது எங்கள் சர்வரில் அந்தக் கோப்பின் பெயர் ‘வனை.பிஹெச்பி’. புதிதாகச் சேர்ந்த பையன், முன்பு வேலை பார்த்த யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருந்தானாம்.