பியூப்ளோ கரும்பானையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள சாண்டா கிளாரா, சான் இல்டெஃபொன்சோ ஆகிய பியூப்ளோ பழங்குடி ஊர்களில் செய்யப்படும் செதுக்குக் கரும்பானைகளில் பெயின்ட்டும் இல்லை, நீர் புகாமல் காக்கும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் இல்லை. இது தெரியாமல் பூச்சாடியாக்கி, பல ஆயிரம் டாலர் பானையை ஒரே வாரத்தில் கெடுத்துவிடுபவர்கள் உண்டு.

களிமண்ணோடு எரிமலைச் சாம்பலைப் பிசைந்து, சக்கரமின்றி மண்திரிகளை அடுக்கிப் பானையை எழுப்புகிறார்கள். செதுக்க இடம் வேண்டுமென்பதால் சுவரைச் சற்றுத் தடிமனாகவே விடுவார்கள். ஈரம் பாதி வற்றிய பதத்தில் அவான்யு என்னும் நீர்ப்பாம்பையோ மேக வடிவங்களையோ வெட்டுவார்கள். மண் அதற்கு மேல் காய்ந்துவிட்டால் ஓரம் பொரியும். ஆழம் மிஞ்சினால் அந்த இடத்திலேயே விரிசல் விடும்.

நன்றாகக் காய்ந்தபின் மேடான பகுதிகளில் செம்மண் குழம்பைப் பூசி, அது உலர்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் கை ஓய்ந்தால் மெருகு திட்டுத்திட்டாகிவிடும். பள்ளங்கள் மெருகின்றி மங்கலாகவே இருக்கும்.

கருப்பு வருவது பானையைச் சுடும் கடைசிக் கட்டத்தில். திறந்த வெளியில் விறகும் மாட்டு வறட்டியும் எரிந்து உச்சத்துக்கு வந்ததும், பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டித் தீயை மூடுகிறார்கள். காற்று அறுபட்டதும் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு கருக்கிறது, புகைக்கரியும் உள்ளே இறங்குகிறது. மூடாமல் விட்டால் அதே பானை சிவப்பாக வெளிவரும். எங்காவது காற்று புகுந்தால் பழுப்புத் திட்டு. மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் பானையே வெடிக்கும். சூடு அதிகமானாலோ மெருகு போய்விடும். சாண்டா கிளாராவின் குயவர் மார்கரெட் டஃபோயா செய்ததுபோன்ற பெரிய பானைகளுக்கு இவ்வளவு விலை ஏன் என்பதற்கு இந்தச் சுடும் வேலை ஒன்றே போதும்.

குறைந்த சூட்டில் வெந்ததால் மண் நீரை உறிஞ்சும். உறிஞ்சினால் மெருகு வெளுக்கும், பிறகு உரியும். திரும்பத் தேய்த்துக் கொண்டுவர வழியில்லை. ஈரத்துணி, எண்ணெய், பாலிஷ் எதுவும் ஆகாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். விளிம்பைப் பிடித்துத் தூக்காமல், மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

வாங்கும்போது உள்ளே விரலை ஓட்டிப் பாருங்கள். சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருந்து, அச்சின் இணைப்புக் கோடும் தட்டுப்பட்டால் அது கையால் எழுப்பாமல் அச்சில் வார்த்த பானை. 'கையால் எழுப்பியது, வெளியில் சுட்டது' என்று ஊர்ப்பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பழங்குடியினரின் கைவினை என்று பொய் சொல்லி விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கையெழுத்து இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மிகப் பழைய பானைகளில் கையெழுத்து இருக்காது.

உடைந்தால் சூப்பர் க்ளூ வேண்டாம். துணுக்குகளையும் விடாமல் பொறுக்கித் தனித்தனியாகச் சுற்றிவைத்து, பின்னாளில் அசிட்டோனில் கரைத்தெடுக்கக்கூடிய பிசினைப் பயன்படுத்தும் கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.