ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் யார்?

பனிவெளியில் ஓநாய்கள் ஒரே வரிசையில் நடந்து போகும் அந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கக்கூடும். முன்னால் போகும் மூன்றும் கிழடுகள், நோயாளிகள்; அவற்றின் வேகத்துக்குத்தான் மொத்தக் கூட்டமும் நடக்குமாம். அடுத்து ஐந்து பலசாலிகள். நடுவில் மற்றவை. பின்னால் மறுபடி ஐந்து பலசாலிகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக வருவதுதான் தலைவனாம். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பாம்.

படம் நிஜம், கதை பொய். கனடாவின் வடக்கே உள்ள உட் பஃபலோ தேசியப் பூங்காவில், பிபிசி தொடர் ஒன்றுக்கான படப்பிடிப்பின்போது சாடன் ஹன்டர் எடுத்தது அது. காட்டெருமை வேட்டைக்குக் கிளம்பிய 25 ஓநாய்கள். குளிர் மைனஸ் 40 டிகிரியை ஒட்டி இருக்கும் இடம். முன்னால் போவது கூட்டத்தின் தலைமைப் பெண் ஓநாய் என்கிறது படத்தோடு வந்த குறிப்பு. ஆழமான பனியில் முதலில் கால் வைப்பதற்குத்தான் அதிக உழைப்பு. அது மிதித்து இறுக்கிய தடத்திலேயே பின்னால் வருபவை கால் வைத்தால் சக்தி மிச்சமாகும். வரிசை உருவாகக் காரணம் இவ்வளவுதான். நோயாளியை முன்னால் விட்டால் கூட்டம் பாதி வழியில் நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன், அவனோடு ஓயாமல் பதவிச் சண்டை போடும் மற்றவை என்ற கதைக்கு முதலில் வடிவம் கொடுத்தது அறிவியல்தான். ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் ஓநாய்களைக் கவனித்து 1947இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். முறைப்பது, பல்லைக் காட்டுவது, வாலைத் தாழ்த்துவது என ஒவ்வொரு அசைவையும் பொறுமையாகக் குறித்துவைத்த நல்ல வேலை அது. ஆனால் அவர் பார்த்தவை கூண்டில் சேர்த்து அடைக்கப்பட்டவை. 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் ஓநாய்களைப் பற்றிய பெரிய நூல் ஒன்றில் இந்தக் கருத்தையும் சேர்த்தார். நூல் பிரபலமானது. அங்கிருந்து நாய் வளர்ப்பு ஆலோசனை, அலுவலகத் தலைமைப் பயிற்சி, 'ஆல்பா ஆண்' (மற்றவர்களை அடக்கி ஆளும் ஆண்) வீடியோக்கள் என்று கதை ஊரெல்லாம் பரவியது.

முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரு லாட்ஜ் அறையில் அடைத்துவைத்து, அவர்கள் போடும் சண்டையைப் பார்த்துவிட்டு, மனிதக் குடும்பம் இப்படித்தான் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

மெக் பிறகு கனடாவின் எல்லஸ்மியர் தீவுக்குப் போனார். அந்த ஆர்க்டிக் தீவின் ஓநாய்கள் மனிதனைக் கண்டு பெரிதாக மிரளுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். 1986இல் தொடங்கி பல கோடைகள் ஒரே கூட்டத்தைக் கவனித்தார். அவர் கண்டது ஒரு குடும்பத்தை: அப்பா, அம்மா, இந்த வருடத்துக் குட்டிகள், போன வருடத்துப் பிள்ளைகள். 'பணிந்து போகும்' ஓநாய்கள் எல்லாம் பெற்றோர் முன் வாலைத் தாழ்த்தும் பிள்ளைகள். பதவிச் சண்டை என்று சொல்லும்படி எதையும் அவர் பார்க்கவில்லை. 1999இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் பல வருடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல்தான் அது நின்றது.

சரி, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் ஏன் சண்டை வருவதில்லை? அவை வீட்டை விட்டுப் போய்விடுகின்றன என்பதுதான் பதில். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். கூட்டத்தில் மிஞ்சியிருப்பவை அப்பா, அம்மா, உடன்பிறந்தவை. துணை தேட வெளியேதான் போக வேண்டும். கூண்டில் இந்தக் கதவு அடைபட்டுவிடுகிறது. போக வழியில்லாத வளர்ந்த ஓநாய்கள் ஒன்றோடொன்று மோதுவதைத்தான் ஷென்கெல் பார்த்தார். இரை தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் பிள்ளைகள் கூடுதல் காலம் தங்குவதும், ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று பெண் ஓநாய்கள் குட்டி போடுவதும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 2001இல் ஒரு கூட்டம் 37 ஓநாய்கள் வரை பெருத்தது. அப்படிப்பட்ட கூட்டுக்குடும்பத்தில் உரசல் வரத்தான் செய்யும்.

கதைகளில் வரும் 'தனி ஓநாய்' யாரையும் நம்பாத, யாரும் தேவைப்படாத வீரன். நிஜத்தில் அது வரன் தேடி அலையும் இளவட்டம். ஸ்லோவேனியாவில் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிய ஸ்லாவ்ட்ஸ் என்ற ஆண் ஓநாய் 2011 டிசம்பரில் தன் குடும்பத்தை விட்டுக் கிளம்பியது. ஆஸ்திரியா வழியாக, ஆல்ப்ஸ் மலையின் பனியையும் நெடுஞ்சாலைகளையும் கடந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே உள்ள மலைப்பகுதியில் போய்ச் சேர்ந்தது. அங்கே, அதேபோல் தனியாகத் திரிந்த ஒரு பெண் ஓநாயைச் சந்தித்தது. ரோமியோ-ஜூலியட் கதை நடக்கும் வெரோனா ஆயிற்றே, அதற்கு மக்கள் ஜூலியட் என்று பெயர் வைத்தார்கள். மறுவருடம் குட்டிகள் பிறந்தன.

தலைவன் கட்டளையிடாமல் கூட்டமாக வேட்டையாடுவது எப்படி? 2011இல் வெளியான ஒரு கணினி மாதிரியில் ஓநாய்களுக்கு இரண்டே விதிகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, இரையின் உதை படாத தூரம் வரை நெருங்கு. இரண்டு, அந்தத் தூரத்துக்கு வந்ததும் மற்ற ஓநாய்களை விட்டு விலகு. இவ்வளவு போதும், திரையில் இரை தானாகவே சுற்றி வளைக்கப்பட்டது. நிஜ ஓநாய்களுக்கு மூளையில் இவ்வளவுதான் ஓடுகிறது என்று இது நிரூபிக்காது. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும் நமக்குப் படைத்தளபதியின் வியூகமாகத் தெரிவது, வியூகமே இல்லாமலும் உருவாகலாம்.

யெல்லோஸ்டோனில் எல்க் மான் வேட்டையை வருடக்கணக்கில் கவனித்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: நான்கு ஓநாய்கள் வரை சேரச் சேர வெற்றி கூடுகிறது, அதற்கு மேல் கூடுவதில்லை. முரட்டுக் காட்டெருமை என்றால் மட்டும் பதினொன்று வரை ஆள்பலம் உதவுகிறது. எல்க்கைப் பிடிக்க நான்கு போதும் என்றால் பெரிய கூட்டம் எதற்கு? ஒரு விடை, பிள்ளைகளுக்குச் சோறு போட. இன்னொரு விடை, அண்டங்காக்கை. சிறிய கூட்டம் பெரிய மானை வீழ்த்தினால், அது தின்று முடிப்பதற்குள் காக்கைகள் நிறையக் கறியைக் கொண்டுபோய்விடும். வாய்கள் அதிகம் இருந்தால் அந்தப் பங்கு பிள்ளைகளுக்கே போகும்.

ஊளைக்கும் நிலாவுக்கும் தொடர்பு கிடையாது. நீண்டு ஒலிக்கும் அந்தத் தாழ்ந்த குரல் திறந்தவெளியில் பத்து கிலோமீட்டரையும் தாண்டிக் கேட்கும். ஒவ்வொரு ஓநாய்க்கும் குரல் வேறு. ஆஸ்திரியாவில் ஒரு ஆய்வு மையத்தில், கூட்டத்திலிருந்து ஒரு ஓநாயை மட்டும் உலாவ அழைத்துப்போய்ப் பார்த்தார்கள். அதோடு நெருக்கமாக இருந்தவைதான் அதிகம் ஊளையிட்டன. பல ஓநாய்கள் சேர்ந்து ஊளையிடும்போது ஒவ்வொன்றும் சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். மரமும் பாறையும் அந்த ஒலியைச் சிதறடிக்க, மூன்று இருந்தாலும் பத்து இருப்பதுபோல் காதுக்குப் படும். பக்கத்து எல்லைக் கூட்டத்துக்கும் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. இது சும்மா மிரட்டல் இல்லை. யெல்லோஸ்டோனுக்குள் ஓநாய்கள் சாக முக்கியக் காரணமே வேறு கூட்டத்து ஓநாய்கள்தான்.

மனிதர்களின் கதையில் ஓநாய் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் கதை சொல்பவருக்கு என்ன சொத்து இருந்தது என்பதைப் பொறுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. போரையும் வேட்டையையும் பெருமையாக நினைத்தவர்கள் அதை மூதாதை ஆக்கினார்கள். ரோம் நகரை நிறுவியவர்களுக்குப் பாலூட்டியது பெண் ஓநாய். பழைய துருக்கியர்களின் பூர்வகதையிலும் பெண் ஓநாய் வருகிறாள். ஆடு வைத்திருந்தவர்களுக்கு அது திருடன். 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்று நம் ஊரில் சொல்வது, பட்டி போட்டுக் காவல் இருந்தவர்களின் பேச்சு. பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நார்வே ஆய்வு நிறுவனம் ஒன்று 2002 முதல் 2020 வரை உலகெங்கும் திரட்டிய கணக்கில் ஓநாய் தாக்கியவர்கள் 489 பேர். அதில் 380 பேரைத் தாக்கியவை வெறிநோய் பிடித்த ஓநாய்கள். அமைதியாக ஒதுங்கிப் போகும் விலங்கு ஒருநாள் ஊருக்குள் புகுந்து கண்டவரையெல்லாம் கடித்தால், நூறு வருடத்துக்குக் கதை ஓடும்.

இனி தலைப்புக் கேள்விக்கு வருவோம். கூட்டத்தின் தலைமை பெற்றோர்தான். அப்படியானால் பிள்ளைகளில் எது துணிந்து வெளியேறி, புதுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கிறது? யெல்லோஸ்டோன் ஆய்வாளர்கள் 26 வருட ரத்த மாதிரிகளை அலசி 2022இல் சொன்ன விடையில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வருகிறது. பூனை இனத்தின் குடலில் பெருகும் ஒற்றைச் செல் உயிரி அது. எலியைத் தொற்றினால் எலிக்குப் பூனை மேல் இருக்கும் பயம் குறைந்துவிடும் என்பது முன்பே தெரியும். பூனை இனத்தைச் சேர்ந்த பூமா அதிகம் திரியும் இடங்களில் வாழும் ஓநாய்களுக்கு இந்தத் தொற்று அதிகம். தொற்றிய ஓநாய்கள் குடும்பத்தை விட்டுக் கிளம்பும் வாய்ப்பு, தொற்றாதவற்றைவிட 11 மடங்கு. கூட்டத்துக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு 46 மடங்கு.