ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மகரந்தத்தை உடனே திறக்காதீர்கள்

பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரம் வளர்ப்பவர்கள் வேலூர்ப் பக்கம் கொஞ்சம் பேர்தான். அவர்கள் நர்சரிக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "பூத்துதே சார், விதை ஏன் வரலை?"

நெப்பந்திஸ் என்ற குடுவைத் தாவர வகையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும்வரை எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து பூத்தால் நம் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே எல்லோருக்கும் வெயில் பயம். வெயிலும் கெடுக்கும்தான். ஆனால் மகரந்தத்தை அதிகம் கெடுப்பது ஈரம். மஞ்சள் தூள் தெரியும்படி விரிந்த ஆண் பூக்களைக் காலையில் பறித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, நிழலில் காகிதத்தில் பரப்புங்கள். மொட்டை மாடியில் காயவைக்கும் சமாச்சாரம் இல்லை இது. காய்ந்ததும் பட்டர் பேப்பரில் சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்து, செடியின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே காற்று நசநசக்கும். அப்போது சிலிகா ஜெல் இல்லாமல் வைப்பது வீண் வேலை. சில வாரங்களுக்கு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும், மாதக்கணக்கில் என்றால் ஃப்ரீசர். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு மாறும்.

பலர் கோட்டைவிடுவது வெளியே எடுக்கும்போதுதான். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஃப்ரீசர் டப்பாவை எடுத்த கையோடு திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் மகரந்தம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உயிரை விடும். டப்பாவை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் திறங்கள். ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உடனே உள்ளே வையுங்கள். எடுத்ததைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

பெண் பூவின் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) பளபளவென்று ஒட்டும் பதத்தில் இருக்கும்போது சின்ன பிரஷ்ஷால் தடவுங்கள். ஒரே கொத்தில் பூக்கள் கீழிருந்து மேலாக நாள்கணக்கில் விரியும், ஆகவே விட்டுவிட்டுத் தடவ வேண்டும்.

சாரசீனியா என்ற இன்னொரு குடுவைத் தாவர வகையில் வேலை சுலபம். அது இருபால் பூ, மகரந்தம் தலைகீழான குடை போன்ற பகுதியில் தானே கொட்டிக்கிடக்கும். குடையின் ஐந்து முனைகளிலும் உள்ள சூலகமுடியில் வைத்தால் போதும்.

மேகாலயாவின் நெப்பந்திஸ் காசியானா வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள செடி. காட்டிலிருந்து பிடுங்கியதை யார் தந்தாலும் வாங்காதீர்கள், நர்சரியில் வளர்த்ததுதானா என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள்.