வாயில் பிளாஸ்டர் ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள்

போன வாரம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எட்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பல் எத்திக்கொண்டு வருகிறதாம், கிளிப் போடணுமாம். குரங்குக் குல்லாவைக் கழற்றச் சொன்னேன். உதட்டுக்கு மேலேயும் கீழேயும் பட்டையாகச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. என்னம்மா இது என்றால், "வாயைத் திறந்துட்டே தூங்குறான் மேடம், ரீல்ஸ்ல பார்த்துட்டு ராத்திரி பிளாஸ்டர் ஒட்டி விடுறேன், ஒரு மாசமாச்சு, இப்ப நல்லா தூங்குறான்" என்றார். அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் பையன் மெதுவாகச் சொன்னான்: "மூச்சு முட்டும் டாக்டர். நானே பிச்சிருவேன். காலையில அம்மா எந்திரிக்கிறதுக்குள்ள திரும்ப ஒட்டிக்குவேன்."

இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இது மூன்றாவது பிள்ளை. கோபமாகத்தான் இதை எழுதுகிறேன்.

வாயால் மூச்சு விடுவதை நகம் கடிப்பது மாதிரி ஒரு கெட்ட பழக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாயை மூடிவிட்டால் மூச்சு தானாக மூக்குக்குப் போய்விடும் என்று கணக்கு. நம் ஊர்க்காரர்களுக்கு நம் ஊர் ரோட்டை வைத்தே சொல்கிறேன். குன்னூர் ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுவார்கள் இல்லையா? அந்தக் கோத்தகிரி ரோட்டையும் மறித்துவிட்டால் பர்லியாறில் விழுந்த மண் தானாக விலகிவிடுமா? பிள்ளையின் வாய்தான் கோத்தகிரி ரோடு. மூக்கில் வழி இல்லாததால்தான் வாய் திறந்திருக்கிறது, வாய் திறந்திருப்பதால் மூக்கு அடைத்தது என்பதில்லை. சிலருக்கு மூக்கு சரியான பிறகும் வாய் திறந்தபடியே பழகிப்போயிருக்கும், அது உண்மை. ஆனால் அதுவும் மூக்கைப் பார்த்த பிறகுதான் தெரியும். ராத்திரியில் பிள்ளை வாந்தி எடுத்தால் அந்தப் பிளாஸ்டர் என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, "குளிர் ஊர்ல பொறந்த புள்ளைக்கு மூக்கு அடைச்சுத்தானே மேடம் இருக்கும்" என்பார்கள். இல்லை. குளிர்காற்றில் மூக்கு ஒழுகும், சரி. வருஷம் முழுக்க அடைத்துக் கிடப்பது ஊர் வாகு கிடையாது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை இருக்கிறது, சின்ன வயதில் அது பெரிதாக இருந்து அப்புறம் சுருங்கும். அது வழியை அடைக்கலாம். மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம். இங்கே நான் அதிகம் பார்ப்பது அலர்ஜிதான்: வடகிழக்கு மழை முடிந்த பிறகும் ஈரம் காயாத சுவரில் பூஞ்சை, டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து உதறாமல் போர்த்திய கம்பளி, விறகு அடுப்புப் புகை. இதற்கெல்லாம் பார்க்க வேண்டிய ஆள் காது மூக்கு தொண்டை டாக்டர், நான் இல்லை. நானே அனுப்பி வைத்தாலும் பாதிப் பேர் போவதில்லை, கிளிப்புக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுக்கத் தயார்.

சரி, நாக்குக்கு வருவோம். சும்மா இருக்கும்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது? மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டும், உதடு மூடி இருக்க வேண்டும். வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், முன்பக்கம் வந்து பல்லின் மேல் சாய்ந்துகொள்ளும். முழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுவதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். ஆனால் பல்லை நகர்த்துவது பலமான தள்ளு இல்லை, மணிக்கணக்கில் மெதுவாகச் சாய்ந்திருக்கும் சின்ன அழுத்தம். வில்லியம் ப்ராஃபிட் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் 1978-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்.

கல்லூரி படிக்கும் ஒரு பெண் வந்தாள். இரண்டு வருஷம் கிளிப் போட்டு வரிசையாக்கிய பல், கழற்றிய பிறகு முன்னால் மறுபடி திறந்துகொண்டது. வர்க்கியைக் கடிக்கச் சொன்னேன். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றையொன்று தொடவில்லை, தலையைச் சாய்த்துக் கடைவாயால் உடைத்தாள். கிளிப் போட்டவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், கிளிப் கழற்றிய பிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரை அவளும் டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆனால் இரண்டு வருஷத்தில் அவள் நாக்கை யாருமே பார்க்கவில்லை.

வாய், நாக்கு, முகத் தசைகளுக்கான மையோஃபங்ஷனல் பயிற்சி இதற்குத்தான். புதுசு ஒன்றும் இல்லை, ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர் 1918-லேயே பல் சீரமைப்போடு தசைப் பயிற்சியும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். நாக்கை அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டிக் குதிரை நடக்கிற மாதிரி 'டக் டக்' என்று விடுவது, ஐஸ் குச்சியை உதட்டுக்கு நடுவே பல் படாமல் பிடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவது, பல்லைச் சேர்த்து வைத்து உதடு விரித்தபடி தண்ணீர் முழுங்குவது. கஷ்டம் பயிற்சியில் இல்லை, தினமும் செய்வதில்தான். நோட்டில் டிக் போட்டுக்கொண்டு வரச் சொன்னால் முப்பது நாள் டிக்கும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருக்கும். எனக்குத் தெரியாதா?

இதை எல்லாத்துக்கும் மருந்து என்று விற்கிறவர்களையும் நம்பாதீர்கள். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை கூராகும், முகமே மாறும் என்கிற 'மியூயிங்' வீடியோக்களை வளர்ந்த பையன்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள், போய்ப் படிங்கப்பா என்கிறேன். பெரியவர்களின் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, இதற்கு இந்தப் பயிற்சியால் பயன் உண்டு: 2009-இல் வெளிவந்த பிரேசில் ஆய்வில், மிதமான பாதிப்பு உள்ளவர்கள் மூன்று மாதம் தொண்டை, நாக்குப் பயிற்சி செய்ததில் தூக்கத்தில் மூச்சு தடைபடுவது மணிக்குச் சுமார் 22 தடவையிலிருந்து 14 தடவையாகக் குறைந்தது. குறைந்தது, போகவில்லை. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பாப் மெஷினைத் தூக்கி மச்சில் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளை நாலு வயசுக்கு மேலும் விரல் சூப்பினால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். தூக்கத்தில் குறட்டை, தலையணை நனைவது, காலையில் வாய் வறண்டு எழுவது, இதையெல்லாம் "அசந்து தூங்குறான்" என்று ரசிக்காதீர்கள், தயவுசெய்து. நாக்கு அடியில் ஒட்டியிருப்பதாகத் தோன்றினால் காட்டுங்கள். பேச்சு வரவில்லை என்பதற்காக மட்டும் நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சவ்வை வெட்டச் சொல்லாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பையனுக்கும் இதைத்தான் செய்தேன். சில்லென்று இருக்கும் சில்வர் டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். இடது பக்கம் காசு அளவு படிந்தது, வலது பக்கம் டம்ளர் பளிச்சென்று அப்படியே இருந்தது. பத்து நொடிக்குள் வாயைத் திறந்துவிட்டான். அம்மாவிடம் டம்ளரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். கோயம்புத்தூரில் மூக்கு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், பிளாஸ்டரைக் கேட்டு வாங்கிக் குப்பையில் போட்டேன்.

வாசல் வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "அப்ப கிளிப் எப்ப மேடம்?"