பழைய பெட்டகத்தின் டயல் பூட்டு: கதவு திறந்திருக்கும்போதே கவனியுங்கள்

ஒன்ராறியோவில் பழைய கடையோ பழைய வீடோ வாங்கிய நம்மவர்கள் சிலரிடம் ஒரு இரும்புப் பெட்டகமும் சேர்ந்து வந்திருக்கும். தூக்க முடியாத பாரம் என்பதால் முந்திய சொந்தக்காரர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். கதவுக்கு மேலே தங்க நிற எழுத்தில் யாரோ ஒரு வியாபாரியின் பெயர், கதவின் நடுவில் நூறு கோடு போட்ட ஒரு டயல், பக்கத்தில் கைபிடி. ரொறன்ரோவில் 1855இல் தொடங்கிய ஜே. அன்ட் ஜே. ரெய்லர் நிறுவனத்தின் பெட்டகங்கள்தான் இங்கே அதிகம் கண்ணில் படும். கால்ற் ஊரில் (இன்று கேம்பிரிட்ஜ் நகரின் ஒரு பகுதி) செய்த கோல்டி அன்ட் மக்கலக் பெட்டகங்களும் இருக்கின்றன. நூறு வருடத்துக்கு மேலான பூட்டுகள் பல இன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன. அவை கெட்டுப்போவது பெரும்பாலும் வயதால் அல்ல.

நான் பூட்டு வேலை செய்கிறவன். இந்தப் பெட்டகங்களுக்காக வருகிற அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தொடங்கும். "தம்பி, போன கிழமை வரைக்கும் திறந்தது. நம்பர் சரி. இப்ப திறக்குதில்லை." அதற்கு முன்னால் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டால், "டயல் கொஞ்சம் இறுக்கமா இருந்தது, எண்ணெய் அடிச்சு விட்டனான்" என்பார்கள். வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை, இங்கேயும் அதைத்தான் செய்யும். ஆனால் இது வேறு வகைப் பூட்டு.

டயலுக்குப் பின்னால், கதவின் உள்பக்கத்தில், ஒரே அச்சில் மூன்று சக்கரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சில பூட்டுகளில் நான்கு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு இருக்கும். டயலோடு நேரடியாகச் சுற்றுவது தண்டில் பொருத்திய ஓட்டுச் சக்கரம் மட்டும்தான். அதிலுள்ள முளை வந்து முட்டும்போதுதான் பக்கத்துச் சக்கரம் நகரத் தொடங்கும். அது அடுத்ததை முட்ட இன்னொரு சுற்று வேண்டும். மூன்று சக்கரப் பூட்டில் முதல் எண்ணுக்கு நாலு தரம், பிறகு மறுபக்கம் மூன்று தரம், பிறகு இரண்டு தரம் என்று சுற்றுவது இதனால்தான். மூன்று வெட்டுகளும் ஒரே வரிசையில் வந்ததும் மேலே காத்திருக்கும் ஒரு கம்பி அவற்றுக்குள் இறங்கும், தாழ் இழுபடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் எண்ணில் கொண்டுவந்து நிறுத்திய சக்கரம், நாம் மறுபக்கம் திருப்பும்போது அசையாமல் அங்கேயே நிற்க வேண்டும். பூட்டின் சீவனே அதில்தான் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே மிக மெல்லிய தகடுகளை வைத்திருப்பதும் ஒன்றின் அசைவு மற்றதைத் தொற்றாமல் இருக்கத்தான். அந்த இடுக்குக்குள் எண்ணெய் போனால் முதலில் எல்லாம் இலகுவாகச் சுற்றும், திருப்தியாகவும் இருக்கும். பிறகு எண்ணெய் தூசியைப் பிடித்து, மெல்ல மெல்லத் தடித்து, ஒரு சக்கரத்தை மற்றதோடு ஒட்டிவிடும். அதன்பின் நீங்கள் சரியான எண்ணில் நிறுத்தினாலும், அடுத்த சக்கரம் திரும்பும்போது அது இதையும் ஒன்றிரண்டு கோடு இழுத்துக்கொண்டு போய்விடும். உங்கள் எண் சரிதான். உள்ளே சக்கரம் அந்த எண்ணில் இல்லை.

ஒரு உணவகத்தின் பேஸ்மென்றில் இருந்த பெட்டகத்தின் பூட்டைத் திறந்தபோது, பித்தளைச் சக்கரங்கள் பித்தளை நிறத்திலேயே இல்லை. பனம்பாணி காய்ந்தது போல மண்ணிறத்தில் ஒரு படலம். முன்சக்கரத்தை விரல் நுனியால் தள்ளினால், முளை முட்டுவதற்கு முன்பே பின்சக்கரமும் கூடவே வந்தது. உடைந்த பாகம் எதுவும் இல்லை, தேய்மானமும் குறைவு. கழுவித் துடைத்து, உலர வைத்துத் திரும்பப் பொருத்தியதும் முன்சக்கரத்தை எவ்வளவு மெல்லத் திருப்பினாலும் பின்சக்கரம் அசையாமல் நின்றது. அந்தப் பூட்டுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவைச் சேதமில்லாமல் திறந்து பூட்டை அடைவதற்குள் அரை நாள் போய்விட்டது. இதே வேலையைக் கதவு திறந்திருந்தபோது செய்திருந்தால் மிகக் குறைந்த செலவில் முடிந்திருக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம்: திறந்திருக்கும் பெட்டகத்துக்காக யாரும் அழைப்பதில்லை.

சுத்தம் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் கதவின் உள்தகட்டைக் கழற்றிவிட்டு, கையை வைக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள். 1920களிலும் 30களிலும் வட அமெரிக்காவில் சில பெட்டகங்களுக்குள் கண்ணீர்ப் புகைக் குப்பிகளைப் பொருத்தினார்கள். திருடன் பூட்டை உடைத்தால் கண்ணாடி நொறுங்கி உள்ளிருக்கும் திரவம் ஆவியாகும். பல குப்பிகளில் இருப்பது குளோரோபிக்ரின், முதலாம் உலகப் போரில் நச்சு வாயுவாகப் பயன்பட்ட அதே பொருள். உலோகச் சட்டத்துக்குள் திரவம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கண்டால் தொடாதீர்கள், கழற்றிப் பார்க்காதீர்கள், படம் எடுக்க நெருங்கவும் வேண்டாம். கதவை ஆட்டாமல் வெளியே வந்து தீயணைப்புப் படைக்குச் சொல்லுங்கள். பழைய குப்பி என்பதால் வீரியம் போயிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கதவுக்குள் நிரப்பியிருக்கும் தீக்காப்புப் பொருளையும் கிளறாதீர்கள். சில பெட்டகங்களில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கும். பல பெட்டகங்களில் அந்த நிரப்புப் பொருள் வேண்டுமென்றே ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. தீப்பிடித்தால் அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் தாள்களைக் காக்கும். அதே ஈரம்தான் சும்மா இருக்கும் காலத்தில் பூட்டுக்குத் துருவைக் கொடுக்கிறது. கோடையில் பேஸ்மென்ற் ஈரமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அறையில் ஈரப்பதம் குறைக்கும் இயந்திரம் ஒன்று ஓடினால் அது எந்த எண்ணெயையும் விட நல்லது.

இனிப் பூட்டுக்கு வருவோம். பூட்டின் மூடியைக் கழற்றும் முன் கதவு திறந்தபடி இருக்க வேண்டும், எண் கையில் இருக்க வேண்டும். சில பூட்டுகளில் மூடியை எடுத்தாலே இன்னொரு பாதுகாப்புத் தாழ் விழும். பூட்டு பூட்டிய நிலையில் இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்க முன் ஒரு படம் எடுங்கள். சக்கரங்களின் வரிசை, எந்தப் பக்கம் முன்னால் இருந்தது, இடைத்தகடுகள் எங்கே இருந்தன, எல்லாம் முக்கியம். பழைய சக்கரங்கள் சில உள்வளையம், வெளிவளையம் என இரண்டாகப் பிரியும். அவற்றின் பொருத்தம்தான் உங்கள் எண். கழுவும்போது அது நகர்ந்தால் பழைய எண் போய்விடும். டயல் தண்டை ஓட்டுச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் சின்ன ஆப்பையும் இருந்த இடத்திலேயே திரும்ப இட வேண்டும். தண்டு அரைச் சுற்று மாறினால் எல்லா எண்ணும் மாறும், முழுச் சுற்று மாறினால் டயல் உரசும் அல்லது ஆடும். இதில் எதுவாவது குழப்பமாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பெட்டகப் பூட்டில் பழக்கமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். எல்லாப் பூட்டுக்காரரும் இதைச் செய்வதில்லை, கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

கழுவுவதற்கு மணிக்கூடு திருத்துகிறவர்கள் பாவிக்கிற மாதிரி, காய்ந்ததும் எதையும் விட்டுவைக்காத திரவம் வேண்டும். சுத்தமான ஐசோபுறோப்பைல் அல்ககோல் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது தானே ஒரு படலத்தை விட்டுச் செல்லும். சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. பித்தளையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வெட்டின் ஓரம் கொஞ்சம் மழுங்கினாலும் பூட்டின் துல்லியம் குறையும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த சில பூட்டுகளில் சக்கரங்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அவை ஊதியோ வெடித்தோ இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது சக்கரங்களின் முகங்களில் எதுவும் பூசாதீர்கள். தாழ் உரசும் பக்கங்களில் மட்டும் ஒரு துளி கிரீஸை விரலால் தடவி, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். பூசியது கண்ணுக்குத் தெரிந்தால் அது கூடிவிட்டது என்று அர்த்தம். வெளியே டயலுக்குப் பித்தளை பொலிஷ் போடுவதும் கெடுதல்தான். பொலிஷ் காய்ந்த மாவு இடுக்கால் உள்ளே போகும், நிக்கல் பூச்சு தேயும், எண்களில் நிரப்பிய மை கரையும். ஈரம் பிழிந்த மென்மையான துணி போதும்.

அப்புறம் சோதனை. கதவைத் திறந்து வைத்தபடியே கைபிடியால் தாழ்களை வெளியே தள்ளி, டயலைக் கலைத்து, எண்ணைப் போட்டுத் திறவுங்கள். குறைந்தது பத்துத் தரம். ஒரு தரம் பிசகினாலும் கதவை மூட வேண்டாம். பலர் இரண்டு தரம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், மூன்றாவது தரம் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பூட்டு நின்றுபோகும் முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். முதல் முயற்சியில் திறக்காமல் இரண்டாவதில் திறப்பது, எண்ணுக்கு அரைக் கோடு தள்ளி நிறுத்தினால்தான் திறப்பது, குளிர்காலத்தில் டயல் பாரமாவது, உள்ளே உரசும் சத்தம், டயல் ஆடுவது. எல்லா எண்களும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால் ஆப்போ டயலோ தளர்ந்திருக்கிறது. மூடிய பெட்டகம் திறக்காவிட்டால் கைபிடியில் அழுத்தம் கொடுக்காமல், மூன்று எண்ணையும் ஒன்று கூட்டி, பிறகு ஒன்று குறைத்து, நிதானமாக முயன்று பாருங்கள். எண்ணைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். கதவில் தட்டுவதும் மீண்டும் எண்ணெய் அடிப்பதும் வேண்டாம்.

கதவின் உள்ளே இரண்டு மூன்று சின்ன மணிக்கூடுகள் இருந்தால் அது பெரும்பாலும் வங்கிக்காகச் செய்த பெட்டகம். அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் ஜேம்ஸ் சார்ஜன்ற் 1873இல் கொண்டுவந்த நேரப் பூட்டின் வழி வந்தது. விளையாட்டாகச் சாவி கொடுத்துக் கதவை மூடினால், சரியான எண் தெரிந்தாலும் அந்த நேரம் முடியும்வரை திறக்காது. எல்லா மணிக்கூடுகளும் நின்றுவிட்டால் அந்த நேரம் வரவே வராது.

அழகுக்கு மட்டும் வைத்திருக்கிற பெரிய பெட்டகம் என்றால், தாழ்கள் வெளியே வரமுடியாதபடி உள்ளே நிரந்தரமாகத் தடுத்து வையுங்கள். குழந்தை ஏறி இருக்கக்கூடிய அளவு இடம் உள்ளே இருக்கிறது, கதவு மூடினால் காற்று போகாது, எண் தெரிந்தவர் அந்த நேரம் வீட்டில் இருப்பார் என்றும் இல்லை.